ரயிலுக்குக் காத்திருப்போருக்கு ஓர் ஓய்விடம்: பகுதி பகுதியாகக் கட்டுவோம்



பல கிராமங்களில் கடைசி பஸ் இரவு எட்டு மணிக்கே போய்விடும். தூரத்து ஊருக்குப் போகும் ரயிலோ நள்ளிரவில்தான் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து இறங்குகிறவர்களும் முதல் பஸ் வரும்வரை சின்ன ஸ்டேஷனிலேயே கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் என்ன செய்கிறோம்? தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. "குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே அக்கா" என்று சொல்லாதவர் யார்? தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் ஆபத்து.

ரயில் பெட்டிக்குள் நிலைமை மாறியிருக்கிறது. முன்பு கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழுந்தது. இப்போது பெட்டிக்கு அடியில் உள்ள தொட்டியில் நுண்ணுயிரிகள் அதை மட்கச் செய்கின்றன. மானாமதுரை – ராமேஸ்வரம் இடையே 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் கழிவு விழாத நாட்டின் முதல் பசுமைப் பாதையாக 2016-ல் அறிவிக்கப்பட்டது. வண்டிக்குள் வந்த வசதி, வண்டிக்குக் காத்திருக்கும் இடத்துக்கும் வர வேண்டாமா? அதை ஒரு கூட்டமைப்பு எப்படித் திட்டமிடலாம் என்பதே இந்தப் பாடம்.

1. ஏன் பகுதி பகுதியாக?

பெரிய கட்டடம் கட்டி, திறப்பு விழா நடத்தி, ஆறே மாதத்தில் பூட்டுப் போட்ட கழிப்பறைகளை நாம் பார்த்திருக்கிறோம். கட்டப் பணம் கிடைத்தது. கழுவப் பணம் இல்லை. நம் குழுவில் கடன் கொடுக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் சிறு கடன். அதை ஒழுங்காகக் கட்டினால்தான் அடுத்தது. ஓய்விடமும் அப்படித்தான். ஒரு பகுதியை ஆறு மாதம் சுத்தமாக நடத்திக் காட்டிய பிறகே அடுத்த பகுதியைச் சேர்க்க வேண்டும்.

இதற்காக எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இருக்கட்டும். பத்தடிக்குப் பத்தடி என்று வைத்துக்கொள்ளலாம். இரும்புக் கம்பங்களை நட்டு-போல்ட்டு போட்டு இணைத்தால், இடம் மாற்றச் சொன்னாலும் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம்.

2. என்னென்ன பகுதிகள்?

முதல் பகுதி – நிழலும் திண்ணையும். கூரை உயரமாக இருக்கட்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டால் சூடான காற்று வெளியேறும். தகரத்தின் மேல் வெள்ளை அடித்தால் வெப்பம் குறையும். சூரிய ஒளியில் எரியும் விளக்கு கட்டாயம். இருட்டில் எந்தப் பெண்ணும் வந்து உட்கார மாட்டாள்.

இரண்டாம் பகுதி – குடிதண்ணீர். குழாயடியில் சிந்தும் நீரைக் கல்வாழை, வாழைக்குத் திருப்பிவிடலாம்.

மூன்றாம் பகுதி – கழிப்பறை. இரட்டைக் குழி முறை ஏற்றது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு, அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழியில் உள்ளது இரண்டு வருடத்தில் மட்கி உரமாகிவிடும். குழி, கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் முப்பத்து மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கழிப்பறைக்குள் பை வைக்க ஒரு பலகை போடுங்கள். தனியாக வரும் பெண், பையை வெளியே வைத்துவிட்டுப் போக மாட்டாள். உள்தாழ்ப்பாள், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கதவு ஆகியவையும் தேவை.

நான்காம் பகுதி – பாலூட்டும் அறை. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015-ல் அரசு இதைத் தொடங்கியது. ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு மின்விசிறி போதும்.

3. பெண்கள் நடத்த முடியுமா?

திருச்சி நகரின் குடிசைப் பகுதிகளில் 2000-க்குப் பிறகு மகளிர் குழுக்களே பொதுக் கழிப்பறைகளை நடத்திக் காட்டின. வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்கி, தினமும் நோட்டில் கணக்கெழுதி, துப்புரவுக்கும் மின்சாரத்துக்கும் கொடுத்து, மீதியைப் பகுதியின் நலனுக்குச் செலவிட்டார்கள். அங்குள்ள கல்மந்தை 2002-ல் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது.

4. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பாடத்துக்காக ஓர் உதாரணம். ஒரு நாளைக்கு 60 பேர், ஆளுக்கு 5 ரூபாய். மாத வரவு 9,000 ரூபாய்.

துப்புரவுப் பணியாளர் சம்பளம் 7,500
பினாயில், சோப்பு, துடைப்பம் 900
மின்சாரம் 600
மொத்தச் செலவு 9,000

பழுது பார்க்க ஒரு ரூபாய் கூட மிஞ்சவில்லை! சம்பளத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். "அது அவங்க வேலை" என்று ஒரு சாதியார் தலையில் கட்டுவதும் கூடாது. கையுறையும் பூட்ஸும் நியாயமான கூலியும் கொடுங்கள். பற்றாக்குறையை ஈடுகட்ட ஐந்தாம் பகுதியாக ஒரு விற்பனைக் கடை வேண்டும். தேநீர், சுண்டல், முறுக்கு, துண்டு என எது விற்றாலும் லாபத்தில் ஒரு பங்கு பழுது நிதிக்கு.

5. யாரிடம் கேட்பது?

ஸ்டேஷனுக்கு வெளியே ஊராட்சி இடம் இருந்தால் கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். ரயில்வே இடம் என்றால் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டம் 2022-ல் தொடங்கி, உள்ளூர்ப் பொருள்களை விற்க நிலையங்களில் ஒரே மாதிரி வடிவத்தில் கடைகள் தருகிறது. மகளிர் குழுக்களும் விண்ணப்பிக்கலாம். அனுமதியின்றி நடைமேடையில் விற்பது ரயில்வே சட்டப்படி குற்றம். உணவு விற்க, உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவசியம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நமக்கு அருகிலுள்ள ஸ்டேஷனில் இரவில் எத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள்? ஒரு வாரம் எண்ணிப் பார்க்க யார் தயார்?
• முதலில் எந்தப் பகுதி தேவை? அதை ஆறு மாதம் நடத்த மாதம் எவ்வளவு ஆகும்?
• காசில்லாதவர், குழந்தைகள், முதியவர் வந்தால் என்ன செய்வோம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கட்டுவது ஒரு நாள் வேலை. கழுவுவது தினசரி வேலை. அந்தத் தினசரி வேலைக்கு முதலில் வழி செய்துவிட்டுக் கட்டத் தொடங்குவோம்.