கணினி விழிக்கும்போது உடன் விழிப்பவை

எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம் சொந்த ஊர்க் கோயிலின் வரலாற்றை இரண்டு வருஷங்களாகப் பழைய மடிக்கணினி ஒன்றில் அடித்துக்கொண்டு வருகிறார். பொத்தானை அமுக்கியது முதல் ஒரு சொல் அடிக்கத் தயாராகும் வரையில், அடுப்பில் பாலை வைத்து, டிகாக்‌ஷன் இறக்கி, காப்பி கலந்து, குடித்தும் முடித்துவிடலாம் என்பது அந்த யந்திரத்தைப் பற்றி அவருடைய நெடுநாள் குறை. யாரோ சொன்ன யோசனையை நம்பி ஒருநாள் மாலை, கணினியோடு தாமாக எழுபவற்றைக் காட்டும் ஸ்டார்ட்டப் பட்டியலைத் திறந்து, அதில் கண்ட பதினான்கு மென்பொருள்களையும் ஒன்று விடாமல் ‘டிஸேபிள்’ செய்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போனவர், மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“சார், நேற்றுவரை தமிழ் அடித்த யந்திரம் இன்றைக்கு இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் அறியேன் என்கிறது!”

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் கணினி பறக்கும் என்பதே இவ்விஷயத்தில் உலவும் நம்பிக்கைகளுள் தலையாயது. இதற்கு நேர் எதிராக, எதையேனும் தொட்டால் விண்டோஸே எழுந்திராமல் போய்விடுமென்று அஞ்சி, அந்தப் பட்டியலின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள் உண்டு. பொத்தானை அமுக்கியதும் முதலில் பயாஸ் விழித்து உறுப்புகளைப் பரிசோதிக்கிறது. அதன் பிறகு விண்டோஸின் மூலப் பகுதியும், டிரைவர்களும், சர்வீஸ்களும் எழுகின்றன. கடவுச்சொல் கொடுத்து நாம் உள்ளே நுழைந்த பிற்பாடே இந்தப் பட்டியலில் உள்ளவை வந்து சேர்கின்றன. ஆகவே அத்தனையையும் நிறுத்தினாலும் விண்டோஸ் எழாமற்போகாது. அவ்வாறே, கடவுச்சொல் கேட்கும் திரை வருவதற்கே மூன்று நிமிஷம் ஆகிறதென்றால் அந்தத் தாமதத்துக்கும் இந்தப் பட்டியல் பொறுப்பாளியாகாது. தலைமையாசிரியருக்கு நேர்ந்ததெல்லாம், ஒலியியல் முறையில் தமிழ் அடிக்க அவர் நிறுவியிருந்த சிறு மென்பொருள், கடிகாரத்தின் அருகே வந்து உட்கார மறுத்ததுதான்.

இந்தப் பட்டியலுக்கு வம்சாவளி உண்டு. டாஸ் காலத்தில் ஆட்டோஎக்ஸெக் என்ற கோப்பில் வரிவரியாக எழுதிவைத்த கட்டளைகளை யந்திரம் எழுந்ததும் வாசித்து நிறைவேற்றும். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இல் காணப்பட்ட ஸ்டார்ட்டப் கோப்புறையும், ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்று பெயரிட்ட இடமும், விண்டோஸ் 11 வரையில் அப்படியே நிலைத்திருக்கின்றன. புதிதாக நிறுவப்படும் மென்பொருள், நம்மிடம் கேட்டோ கேட்காமலோ, இவற்றில் ஒன்றில் தன் பெயரை எழுதிவைத்துக்கொள்கிறது.

பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை தாமதம் என்று கணக்கிடுவது அடுத்த நம்பிக்கை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், ஸ்டார்ட்டப் பக்கத்தில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஹை’, ‘மீடியம்’, ‘லோ’ என்று ஒரு மதிப்பீடு காணப்படும். இது யாரோ குத்துமதிப்பாக எழுதிய அபிப்பிராயம் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் இது உங்கள் யந்திரத்திலேயே அளந்து சொல்லப்படுவது. தொடங்கும் சமயத்தில் பிராசஸரின் நேரத்தில் 1 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலும், டிஸ்க்கில் 3 மெகாபைட்டுக்கு மேல் படித்து எழுதினாலும் அது ‘ஹை’, 300 மில்லிவிநாடிக்கும் 300 கிலோபைட்டுக்கும் உட்பட்டது ‘லோ’, இடைப்பட்டது ‘மீடியம்’. ‘லோ’வில் பத்தை நிறுத்துவதைவிட ‘ஹை’யில் ஒன்றை நிறுத்துவது அதிகப் பிரயோஜனம் தரக்கூடும்.

தலைமையாசிரியரின் யந்திரத்தில், அவர் பட்டியலில் கைவைப்பதற்கு முன் ஒருநாள், உள்ளே நுழைந்தவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருந்தோம். பிராசஸர் பாதிகூட உழைக்கவில்லை. டிஸ்க் என்ற பத்தியிலோ 100 சதவீதம் என்று நிமிஷக்கணக்கில் அசையாமல் நின்றது. நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில், படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போய்ச் சேர ஏறக்குறைய 10 மில்லிவிநாடி பிடிக்கிறது. தாலுகா ஆபீஸின் ஒரே ஒரு ரெகார்டு கீப்பரிடம் பதினான்கு மனுதாரர்கள் ஏககாலத்தில் பதினான்கு பழைய கட்டுகளைக் கேட்டு, அவரும் ஒரு கட்டை முழுதும் எடுத்துக் கொடுக்காமல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாளாக உருவிக் கொடுத்துக்கொண்டு அலமாரிக்கு அலமாரி ஓடினால் எவ்விதமிருக்குமோ, அவ்விதமே அந்தத் தட்டின்மேல் அந்த முனையின் ஓட்டம். அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி பொருத்திய யந்திரங்களில் இந்த அலைச்சல் இல்லாமையால், பட்டியலைக் கத்தரிப்பதில் கிடைக்கும் லாபமும் குறைவு. எட்டு விநாடியை ஏழாக்கப் பாடுபடும் இளைஞர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

டிஸேபிள் செய்தால் மென்பொருளே அழிந்துபோகும் என்று நினைப்பதும் பிழை. அதன் பெயர் பட்டியலிலேயே இருக்கும். தானாக எழாது, அவ்வளவே. நாம் சொடுக்கினால் வழக்கம்போல் திறக்கும். மனம் மாறினால் மறுபடி ‘எனேபிள்’ செய்துகொள்ளலாம். சில மென்பொருள்கள் அடுத்த அப்டேட்டின்போது புதுப் பெயரில் மறுபடி நுழைந்துவிடுவதும் உண்டு. அதே பட்டியலில் காணும் விண்டோஸ் செக்யூரிட்டியின் ஐகானை நிறுத்தினால் வைரஸ் காவல் போய்விடுமென்று பதறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: போவது கேடயப் படம் மாத்திரமே, காவல் வேலையைச் செய்வது அப்பட்டியலில் இடம்பெறாத ஒரு சர்வீஸ்.

இந்தப் பட்டியலே முழு ஜாபிதா என்றும் நம்பிவிடலாகாது. சர்வீஸாகவும், டாஸ்க் ஷெட்யூலரில் குறித்துவைத்த வேலையாகவும் எழுபவை இதில் தென்படுவதில்லை. எல்லா வாசல்களையும் ஒரே இடத்தில் காண விரும்புவோருக்கு, மார்க் ருஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் இயற்றிய ஆட்டோரன்ஸ் இருக்கிறது. அதை வெளியிட்ட அவர்களுடைய ஸிஸ்இன்டர்னல்ஸை 2006இல் மைக்ரோஸாஃப்டே வாங்கிக்கொண்டது. ஆட்டோரன்ஸைத் திறந்ததும் நூற்றுக்கணக்கில் வந்து குவியும் வரிகளைக் கண்டு மிரளாமல், மைக்ரோஸாஃப்டின் சொந்த வரிகளை மறைக்கும் வசதியை முதலில் பிரயோகிப்பது புத்திசாலித்தனம். இன்னதென்று தெரியாத வரியை நீக்குவதற்கு முன் குறியை மாத்திரம் எடுத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

இன்னொரு நம்பிக்கை, எத்தனை முறை மறுத்தாலும் சாவதாக இல்லை. எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, ‘பூட்’ பகுதியின் உள்ளே பிராசஸர்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஆக அதிகமான எண்ணைத் தேர்ந்துவிட்டால், கணினி இரட்டிப்பு வேகத்தில் எழும் என்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போதே விண்டோஸ் உள்ள பிராசஸர்கள் அனைத்தையும் உபயோகித்துக்கொள்கிறது. மென்பொருள் எழுதுவோர் குறைந்த பிராசஸர்களோடு யந்திரத்தைப் பரிசோதிப்பதற்கென்று ஏற்பட்ட கட்டம் அது. அதில் தவறிப்போய்ச் சிறிய எண்ணைத் தேர்ந்தவர், எழும்போது மட்டுமின்றி நாள் முழுவதும் நொண்டும் யந்திரத்தோடு மல்லாட நேரும்.

ரீஸ்டார்ட்டைவிட ஷட்டவுன் செய்து திறப்பதே யந்திரத்துக்குப் புத்துயிர் தரும் என்பாரும் உளர். விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் யந்திரங்களில், ஷட்டவுன் கொடுக்கும்போது மூலப் பகுதியின் நிலை டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுபடி அப்படியே எடுத்தாளப்படுகிறது. முற்றிலும் புதிதாக எழுவது ரீஸ்டார்ட்டில்தான். தலைமையாசிரியரின் டாஸ்க் மேனேஜரில் ‘அப் டைம்’ பத்தொன்பது நாள் என்று காட்டியது. தினமும் இரவு தவறாமல் அணைக்கிறேனே என்று அவர் திகைத்துப்போனார்.

பட்டியலை இருவருமாக வாசித்து, தமிழ்த் தட்டச்சையும், டச்பேடுக்குரியதையும், கேடயத்தையும் மீண்டும் எனேபிள் செய்தோம். வீடியோவில் பேசும் மென்பொருள்கள் இரண்டு, பாட்டுக் கேட்பது ஒன்று, அவரிடம் இப்போது இல்லாத பிரிண்டருக்கு மை தீர்ந்ததென்று சொல்லக் காத்திருந்தது ஒன்று உட்பட மற்றப் பதினொன்றும் உறக்கத்திலேயே விடப்பட்டன. முந்தாநாள் வந்தவர், பால் பொங்குவதற்குள் திரை தயாராகிவிடுவதால் அடுப்புக்கும் மேஜைக்குமாக ஓடவேண்டியிருக்கிறதென்று புதுக் குறை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்.