ஒரு பத்தி, ஒரு செய்தி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு பூக்கார அம்மா இருக்கிறார். விடியும் முன் கே.ஆர். மார்க்கெட் போவார். பூ வாங்கி வந்து கட்டி விற்பார். மாலையில் எழுத்து வகுப்புக்கு வருவார். இப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

அவருடைய சந்தில் தெருவிளக்கு எரியவில்லை. ஒரு நாள் இருட்டில் கால் இடறி விழுந்தார். கூடைப் பூ முழுவதும் சேற்றில் கொட்டியது. சந்துக்காரர்கள் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லை.

“என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு சட்டம் இருக்கிறது, அம்மா” என்றார் வகுப்பு ஆசிரியை.

அதுதான் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசு அலுவலகத்தில் உள்ள தகவலை நாம் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. கர்நாடகத்தில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அம்மா அன்று இரவே எழுதினார்.

“ஐயா, எங்கள் சந்தில் விளக்கு எரியவில்லை. ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேரவில்லை. நான் விழுந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை. புகார் கொடுத்தோம். ரேஷனுக்கு மூன்று முறை நடந்தேன். விளக்குக்கு என்ன செய்தீர்கள்?”

ஆசிரியை படித்தார். “எல்லாம் உண்மைதான், அம்மா. ஆனால் படிப்பவர் எதற்குப் பதில் சொல்வார்?”

அம்மா சிரித்தார். “கதம்பம் கட்டிவிட்டேனா, டீச்சர்?”

“ஆமாம். கதம்பம் தலைக்கு அழகு. மனுவுக்கு ஆகாது.”

கர்நாடகத்தில் இதற்கு ஒரு விதியும் உண்டு. 2008-இல் வந்தது. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்க வேண்டும். பொதுவாக 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. பல விஷயம் கேட்டால், முதல் விஷயத்துக்கு மட்டும் பதில் வரலாம்.

“அப்படியானால் ரேஷனை விட்டுவிடவா?” என்று அம்மா கேட்டார்.

“விட வேண்டாம். அதற்கு வேறு மனு எழுதுங்கள்.”

அம்மா விளக்கைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்தார். வரிசையாக அடுக்கினார். தேதியும் எண்ணும் சேர்த்தார்.

“எங்கள் சந்தின் தெருவிளக்கு பற்றிய தகவல் வேண்டும். அது மூன்று மாதமாக எரியவில்லை. மார்ச் 5-ஆம் தேதி உங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். புகார் எண் 212. அந்தப் புகார் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? எந்தத் தேதியில் எடுத்தீர்கள்? அது பற்றிய பதிவின் நகல் தரவும்.”

இதுதான் பத்தி. முதல் வரி எதைப் பற்றி என்று சொல்கிறது. நடு வரிகள் நடந்ததை வரிசையாகச் சொல்கின்றன. கடைசி வரிகள் என்ன வேண்டும் என்று கேட்கின்றன.

“நான் விழுந்தது எங்கே, டீச்சர்?”

“அது புகாரில் இருக்க வேண்டிய வரி, அம்மா. இங்கே நாம் தகவல் மட்டும் கேட்கிறோம்.”

கர்நாடகத்தில் இந்த மனுவைக் கன்னடத்தில் கொடுக்கலாம். ஆங்கிலம், இந்தியிலும் கொடுக்கலாம். அம்மா தமிழில் எழுதியதைப் பேத்தி கன்னடத்தில் எழுதினாள். வரிகள் ஒழுங்காக இருந்ததால் அவளுக்குச் சிரமம் இல்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அதிகாரி எழுத உதவ வேண்டும். இதுவும் சட்டத்தில் உண்டு.

மறுநாள் அம்மா மனுவைக் கொடுத்தார். ரசீதும் நகலும் வாங்கிப் பத்திரமாக வைத்தார். மாலையில் வகுப்புக்கு வந்தார். புதிய தாளை எடுத்தார். மேலே எழுதினார்: ‘ரேஷன் கார்டு’.

நினைவில் வையுங்கள்
1. ஒரு பத்தியில் ஒரு செய்தி.
2. முதல் வரியில் எதைப் பற்றி என்று சொல்லுங்கள்.
3. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள்.
4. தேதி, இடம், எண் எழுதுங்கள்.
5. என்ன வேண்டும் என்று கேட்டு முடியுங்கள்.

பயிற்சி
1. அம்மா முதலில் எழுதியதில் எத்தனை விஷயங்கள் உள்ளன?
2. ரேஷன் பற்றிய வரிகளை மட்டும் எடுத்து எழுதுங்கள்.
3. உங்கள் தெருவின் ஒரு குறையைப் பற்றி ஐந்து வரியில் ஒரு பத்தி எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள்.