தட்டினால் வேலை செய்கிறதா? 'ட்ரை சால்டர்' கோளாறாக இருக்கலாம்!

"டிவி திடீர்னு நின்னுடுது, ஒரு தட்டு தட்டினா வந்துடுது." இப்படிச் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால், "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று பதில் வரலாம். சம்மதிக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பழுது, ஒரு சொட்டு சால்டரில் மட்டும் இருக்கலாம்.

ட்ரை சால்டர் என்றால் என்ன?

போர்டில் ஒவ்வொரு பாகத்தின் காலையும் பிடித்து வைத்திருப்பது சால்டர். பழைய வகை, வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதக் கலவை. 183 டிகிரி செல்சியஸில் உருகும். புதிய சாதனங்களில் பெரும்பாலும் காரீயம் இல்லாத சால்டர்.

சாதனம் ஓடும்போது போர்டு சூடாகி விரிகிறது. நின்றதும் ஆறிச் சுருங்குகிறது. பல வருடம் இப்படியே நடந்தால் இணைப்பில் மெல்லிய விரிசல் விழும். சூடாகும் பாகங்கள், கனமான டிரான்ஸ்பார்மர், அடிக்கடி பிடுங்கிச் செருகும் பவர் பின் ஆகிய இடங்களில்தான் இது அதிகம்.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அடைமழைக் கால ஈரமும், நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர உப்புக் காற்றும் பின்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு படிய வைக்கும். அதுவும் விட்டு விட்டு வரும் கோளாறையே தரும்.

அறிகுறிகள்

1. ஆன் செய்த சிறிது நேரத்தில் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடுவது.
2. லேசாகத் தட்டினாலோ, பவர் பின்னை அசைத்தாலோ வந்து போவது.
3. சூடான பிறகே வேலை செய்வது. இதற்கு வீங்கிய கெப்பாசிட்டரும் காரணமாகலாம்.

எப்போதுமே ஆன் ஆகவில்லை என்றால், முதலில் பிளக் பாயின்ட்டையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள்.

உங்கள் போன் உதவும்

கடைக்குக் கொண்டு போனதும் சாதனம் நல்லாவே ஓடும்! அதனால் வீட்டில் கோளாறு வரும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் நின்றது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் திறந்ததும், "ட்ரை சால்டர் இருக்கான்னு பாருங்கண்ணே" என்று கேளுங்கள். போன் கேமராவை ஜூம் செய்தால் நீங்களும் பார்க்கலாம். பின்னைச் சுற்றி மோதிரம் போல வட்டக் கோடு தெரிந்தால், அதுதான் விரிசல். மங்கலாக இருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது. காரீயம் இல்லாத சால்டர் இயல்பிலேயே சற்று மங்கல். மல்டிமீட்டரில் இணைப்பு சரி என்று காட்டினாலும் முழுதாக நம்ப முடியாது. ஆறிய நிலையில் விரிசலின் இரு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

நீங்களே திறக்காதீர்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்தது போன்ற பிக்சர் டியூப் டிவியில் பல ஆயிரம் வோல்ட் வரை இருக்கும். உயிருக்கே ஆபத்து. கருகிய வாடை வந்தால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். உடனே சுவிட்சை அணையுங்கள்.

உங்கள் உரிமை

வேலை தொடங்கும் முன் கூலியைக் கேளுங்கள். போர்டை மாற்றினால் பழையதைக் காட்டச் சொல்லுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். பில் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணம் கிடையாது.

சரிசெய்யவே முடியாத சாதனத்தைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போட வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.