நாரைகளுக்காக வெடிக்காத ஊர்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. மரம், பறவை மேல் அக்கறை வர என்ன கதை சொல்லலாம்? (வாசகி, காரைக்குடி)

பதில்: உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூடு கட்ட வரும் நாரைகள் மிரண்டுவிடக் கூடாதே! இதைச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, "டமார்னு சத்தம் கேட்டா குஞ்சு என்னடா பண்ணும்?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில்தான் கதையின் உயிர், திருத்தாதீர்கள். பூமி அழிகிறது என்று பயமுறுத்தும் கதைகள் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். அடுத்து, முல்லைக்குத் தேர் தந்த பாரி. அவனுடைய பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலையும் உங்கள் சிவகங்கை மாவட்டத்தில்தான். மார்கழி விடுமுறையில் வேட்டங்குடிக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டுங்கள்.