கடல்வீட்டின் மின்கணக்கு

மாணவர்களே, நம் வீட்டுச் சுவரிலுள்ள விசையை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. கரையை விட்டு நீங்கிய படகுக்கு அந்த வசதி இல்லை. 2024 அக்டோபர் 2ஆம் நாள், இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரக் கலம் கோவாவிலிருந்து புறப்பட்டது. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்னும் இரு பெண் அதிகாரிகள் அதனைச் செலுத்தி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினர். இத்தகைய நெடும்பயணங்களில், வேண்டிய மின்சாரத்தைக் கலத்திலேயே உண்டாக்கிச் சேமித்து, அளந்து செலவிட வேண்டும்.

படகையே வீடாகக் கொண்டு வாழும் குடும்பங்களும் உலகில் உள்ளன. பழைய படகை வாங்குவோர், தொலைதூரம் செல்லுமுன் அதன் மின்னமைப்பைப் புதுப்பிப்பர். அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

செலவை எண்ணுதல்

முதல் வேலை, எந்தப் பொருளையும் வாங்குவதன்று, கணக்கிடுவதே. ஒரு கருவியின் வாட் அளவை அது இயங்கும் மணிகளால் பெருக்கினால், அதன் செலவு வாட்-மணியில் கிடைக்கும். ஒரு படகின் ஒருநாள் செலவைப் பாருங்கள்:

- தானியங்கிச் சுக்கான்: 30 வாட் × 24 மணி = 720
- குளிர்பெட்டி: 50 வாட் × 12 மணி = 600
- வழிகாட்டும் திரை: 15 வாட் × 24 மணி = 360
- வானொலிக் கருவி: 5 வாட் × 24 மணி = 120
- அறை விளக்குகள் நான்கு: 12 வாட் × 4 மணி = 48
- பாய்மர உச்சி விளக்கு: 3 வாட் × 12 மணி = 36

மொத்தம் 1,884 வாட்-மணி. உச்சியில் பழைய 25 வாட் குமிழ்விளக்கு இருந்திருப்பின், அது ஒன்றே ஓரிரவில் 300 வாட்-மணியை உண்டிருக்கும். எல்.இ.டி. விளக்குக்கு 36 போதும். ஆதலால் செலவைக் குறைப்பதே மலிவான மின்னாக்கம் ஆகும்.

சேமித்தல்

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட காரீய அமில மின்கலம் 1,200 வாட்-மணியைத் தாங்கும். ஆயினும் பாதிக்கு மேல் அடிக்கடி செலவிட்டால் அது விரைவில் கெடும். எனவே நம் கணக்குக்கு நான்கு மின்கலங்கள் தேவை. அவற்றின் எடை ஏறத்தாழ 120 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை எடுக்கலாம். ஆகவே இரண்டு போதும். எடையும் ஏறத்தாழ 25 கிலோவே. எனினும் அதன் விலை மிகுதி.

ஆக்குதல்

400 வாட் சூரிய மின்பலகை, ஐந்து மணி நேரம் நல்ல வெயில் பெற்றால் 2,000 வாட்-மணி தரும். பாயின் நிழல் அதன்மீது விழுந்தாலோ, வானம் மூடினாலோ வரவு குறையும். அப்போது காற்றாலையும், இயந்திரத்தோடு இணைந்த மின்னாக்கியும் துணைநிற்கும். லித்தியம் மின்கலம் மின்சாரத்தை மிக வேகமாக ஏற்கும் இயல்புடையது. அதனால் அந்த மின்னாக்கி சூடேறிப் பழுதாகலாம். அதனைத் தடுக்க ஒரு சீராக்கியை இடையில் பொருத்துவர்.

காத்தல்

உப்புக்காற்று செப்புக் கம்பியை அரிக்கும். ஆதலால் வெள்ளீயம் பூசிய கம்பிகளைப் பயன்படுத்துவர். மின்கலத்திற்கு மிக அருகில் உருகி ஒன்றை அமைப்பர். கம்பிகள் எங்கேனும் ஒன்றோடொன்று தொட்டால், உருகி முதலில் அறுந்து தீயைத் தடுக்கும். கரையில் தீப்பற்றினால் வெளியே ஓடலாம். நடுக்கடலில் ஓட இடமேது? இயந்திரத்தை இயக்கும் மின்கலத்தைத் தனியே வைப்பர். மற்றவை தீர்ந்தாலும் இயந்திரம் கிளம்ப வேண்டுமல்லவா? ஒவ்வொரு கம்பியிலும் பெயர் எழுதி ஒட்டுவர். இருளில், அலையின் ஆட்டத்தில், பழுதைக் கண்டறிய அது உதவும்.

இரவில் உச்சி விளக்கு அணைந்தால், பெருங்கப்பல்களின் கண்ணுக்குச் சிறுபடகு புலப்படாமல் போகும். எனவே மின்சாரம் குறையும்போது குளிர்பெட்டியை முதலில் நிறுத்துவர். உச்சி விளக்கை இறுதிவரை காப்பர். அறிவுடைய மாலுமி மின்சாரத்தை மட்டும் நம்புவதில்லை. காந்தத் திசைகாட்டியும் காகித வரைபடமும் மின்சாரமின்றியே வழிகாட்டும். வரவறிந்து செலவிடுதலும், இல்லாத நாளுக்கு வழி வைத்தலும் கடல் வாழ்வு கற்பிக்கும் பாடங்கள். அவை கரையில் வாழும் நமக்கும் பொருந்தும்.

சொற்பொருள்

கலம் – படகு, கப்பல்
சுக்கான் – படகைத் திருப்பும் கருவி
உருகி – மிகை மின்னோட்டத்தில் உருகி அறுந்து, மின்சாரத்தைத் தடுக்கும் கம்பி
புலப்படுதல் – தெரிதல்

பயிற்சி

1. உச்சி விளக்கை இறுதிவரை காப்பது ஏன்?
2. மேகமூட்டத்தால் மின்பலகை ஒருநாளில் 800 வாட்-மணி மட்டுமே தருகிறது. குளிர்பெட்டியை நிறுத்தினால் பற்றாக்குறை எவ்வளவு? வேறு எவற்றைக் குறைப்பீர்கள்?
3. உங்கள் வீட்டின் ஐந்து மின்கருவிகளின் ஒருநாள் செலவைக் கணக்கிட்டு, பெற்றோருடன் தமிழில் உரையாடி, ஒரு பத்தி எழுதுக.