எலெக்ட்ரிக் வண்டி மேளாவுக்குப் போறியா தங்கச்சி?

ஷாமியானா போட்டு, எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை வரிசையா நிறுத்தி, "வாங்க, ஓட்டிப் பாருங்க"ன்னு நம்ம பேரையூர்ப் பக்கம் யாராவது மைக்கில் கூப்பிட்டா, தயங்காமப் போ. மகளிருக்கு டவுன் பஸ் இலவசம்தான். ஆனா பஸ் வர்ற நேரத்துக்குத்தான் நம்ம வேலையை வச்சுக்க வேண்டியிருக்கு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட, குழுப் பணத்தை பேங்க்ல கட்ட, டி.கல்லுப்பட்டிக்கு ஒரு எட்டுப் போய்வர, கையில் ஒரு வண்டி இருந்தா யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனா ஒண்ணு: மேளா, தெரிஞ்சுக்கிற இடம். அன்னைக்கே அட்வான்ஸ் கட்டுற இடமில்லை.

1. உன் கிலோமீட்டரை எழுதிட்டுப் போ
ஒரு வாரம் எங்கெங்க போறே, எவ்வளவு தூரம்னு குறிச்சு வை. நோட்டீஸ்ல போடுற கிலோமீட்டர் சோதனைக் கூடத்துக் கணக்கு. ரெண்டு பேர் ஏறி, மேடு பள்ளத்துல ஓட்டினா அது குறையும். 3 யூனிட் (3 kWh) பேட்டரி வண்டி ரோட்டுல 80 கிலோமீட்டர் ஓடினாலே நல்ல வண்டி. உள்ளூருக்கு அது தாராளம். மதுரைக்குப் போய்த் திரும்பணும்னா ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நடுவுல சார்ஜ் போட இடம் வேணும். திருமங்கலத்துல எங்கே போடலாம்னு மேளாவுலயே கேளு.

2. நீ ஓட்டுற மாதிரியே ஓட்டிப் பாரு
சேலை கட்டித்தான் தினமும் ஓட்டுவேன்னா சேலையோடவே போ. பின்னாடி ஆளை உட்கார வை. வேகத்தடையில ஏத்தி இறக்கு. ஸ்டாண்ட் போட்டு எடு. கனம் தாங்குதான்னு அப்பத்தான் தெரியும். சார்ஜை மிச்சப்படுத்துற எக்கோ மோடுல எவ்வளவு வேகம் வருதுன்னும் பாரு. ஹெல்மெட் இல்லாம ஏறாதே.

3. "லைசென்ஸே வேண்டாம்"னு சொன்னா
மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல போகாத, மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். மத்த எல்லாத்துக்கும் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், பச்சை நம்பர் பிளேட் உண்டு. "வேகத்தைக் கூட்டித் தர்றோம்"னு யாராவது சொன்னா அந்த வண்டியைத் தொடாதே. விபத்துன்னு வந்தா சிக்கிக்கிறது நீதான்.

4. கரண்ட் பில்லைக் கையோட கொண்டு போ
3 யூனிட் பேட்டரி நிறைய மூணரை யூனிட் பிடிக்கும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினா, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல கூடும். அதே தூரத்துக்கு 50 லிட்டருக்கு மேல பெட்ரோல் ஆகும். அதனால மிச்சம் உறுதி. ஆனா உன் வீடு இப்பவே 400 யூனிட்டைத் தாண்டுதுன்னா, 500-ஐக் கடந்ததும் முந்தின யூனிட்டுல சிலதுக்கும் விலை ஏறும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடு. மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துற அறிவிப்பு வந்தா, முந்தின ராத்திரி தூங்கப் போறதுக்குள்ள சார்ஜை முடிச்சிடு.

5. சார்ஜ் போடுற இடம்
2022 மார்ச்சில் வேலூர்ல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடிச்சு, ஒரு அப்பாவும் மகளும் செத்துப்போனாங்க. பயந்து வண்டியே வேண்டாம்னு சொல்ல வரலை. பழக்கத்தை ஒழுங்காக்கச் சொல்றேன். படுக்கிற அறையிலயும், வெளியே போற வாசலை மறிச்சும் சார்ஜ் போடாதே. எர்த் உள்ள பிளக்ல நேரடியாப் போடு, எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். ஓட்டி வந்த சூடு ஆறட்டும். 2022 டிசம்பர்லயிருந்து பேட்டரிக்குக் கடுமையான பாதுகாப்பு விதிகள் வந்திருக்கு. அதனால வண்டி எந்த வருஷம் தயாரிச்சதுன்னு கட்டாயம் கேளு.

6. வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்துல வாங்கு
மத்திய அரசோட பி.எம். இ-டிரைவ் மானியம் 2024 அக்டோபர்ல தொடங்கினப்போ ஸ்கூட்டருக்கு 10,000 ரூபாய் வரை கிடைச்சது. 2025 ஏப்ரல்ல அது 5,000 ஆச்சு. பழைய நோட்டீஸை நம்பாம, இன்னைக்கு ஆன்-ரோடு விலை என்னன்னு எழுதி வாங்கு. பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், திறன் எவ்வளவு குறைஞ்சா மாத்தித் தருவாங்கன்னு கேளு. சர்வீஸுக்கு உசிலம்பட்டியா, திருமங்கலமா, மதுரையா? நடுவழியில நின்னா யார் வந்து எடுத்துட்டுப் போவாங்க? இதுக்குப் பதில் இல்லாதவங்ககிட்ட வாங்காதே.

7. ஓட்டுறவங்களைத் தேடிப் பிடி
அமெரிக்காவுல 2011-ல ஒரு நாள் நிகழ்ச்சியா ஆரம்பிச்சு, இப்போ வருஷா வருஷம் நடக்கிற எலெக்ட்ரிக் வண்டி வாரத்துல, வண்டி வச்சிருக்கிறவங்களே சொந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கேக்கிறவங்களுக்கு நல்லது கெட்டது சொல்றாங்க. இதை நாமளும் செய்யலாம். உங்க மகளிர் குழுக் கூட்டத்துக்கு, ஏற்கெனவே எலெக்ட்ரிக் வண்டி ஓட்டுற ரெண்டு பெண்களைக் கூப்பிடுங்க. மழையில கரிசல் சேத்துல எப்படி ஓடுது, ஒரு வருஷத்துல என்ன செலவாச்சு, எது பழுதாச்சுன்னு கேளுங்க. விக்கிறவங்களை அதுக்கப்புறம் கூப்பிட்டுக்கலாம். நாலு பேர் சேர்ந்து விலை கேட்டா, தள்ளுபடியும் சர்வீஸ் முகாமும் உங்க ஊருக்கே வரச் சொல்லி அழுத்திக் கேக்க முடியும்.