புள்ளி ஒன்றே ஓவியமாகுமா?



ஓவியம் என்றவுடன் மலையும் ஆறும் மயிலும் நம் நினைவிற்கு வருகின்றன. வட்டம், சதுரம், முக்கோணம் மட்டுமே கொண்ட ஓவியத்தைக் கண்டாலோ, "இது என்ன படம்? குழந்தையும் வரையுமே!" என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். ஆயினும், வாசலில் இடும் புள்ளிக் கோலத்தையும், ஜார்ஜ் டவுன் ஐந்தடி நடைபாதைகளில் பதித்த பூவோடுகளையும், பழவேற்காட்டின் பெயர் தாங்கிய பெலிக்காட் கைலியின் கட்டங்களையும் நோக்கி, "இது எதன் படம்?" என நாம் வினவுவதில்லை. அவற்றின் ஒழுங்கே நமக்கு இன்பம் தருகிறது. அரூப ஓவியத்தைப் படிப்பதற்கு இதுவே முதற்பாடம்.

இவ்வகை ஓவியத்தால் புகழ்பெற்றவர் சையத் ஹைதர் ராசா. இவர் 1922இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் பாபரியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தொடக்கப்பள்ளியில் இவர் மனம் பாடத்தில் நிலைக்கவில்லை. அலைபாயும் சிறுவனை மந்தமானவன் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆசிரியர் நந்தலால் ஜாரியா அவ்வாறு செய்யவில்லை. சுவரில் ஒரு புள்ளியை இட்டு, அதனையே உற்றுநோக்குமாறு பணித்தார். பின்னர் 1950இல் பிரான்சு சென்று ஓவியம் பயின்ற ராசா, 1970களின் இறுதி முதல் அப்புள்ளியையே 'பிந்து' என்னும் பெயரில் பெரிய கரிய வட்டமாகத் தீட்டலானார். 2016இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

1960களிலேயே ராசா எண்ணெய் வண்ணத்தை விடுத்து அக்ரிலிக் வண்ணத்திற்கு மாறியிருந்தார். அக்ரிலிக் வண்ணத்தில், நிறத்தூளும் நுண்ணிய பிசின் துகள்களும் நீரில் கலந்துள்ளன. நீர் வற்றியதும் துகள்கள் ஒன்றுசேர்ந்து மெல்லிய படலமாகின்றன. வெட்டுக்கோட்டில் எஞ்சிய மரப்பால் காய்ந்து நாடாபோல் ஒட்டிக்கொள்வதையும், பின்பு மழைக்கும் கரையாமல் இருப்பதையும் பால்மரம் வெட்டுவோர் நன்கறிவர். அக்ரிலிக் விரைவில் உலர்வதால், ஒரு நிறத்தின் அருகே மற்றொன்றைக் கலங்காமல் தீட்டலாம். கூரிய விளிம்புடைய வடிவங்களுக்கு இது மிகவும் ஏற்றது.

இனி, இத்தகைய ஓவியத்தைப் படிக்கும் முறையைக் காண்போம்.

1. கண் முதலில் எங்கே செல்கிறது, அடுத்து எங்கே நகர்கிறது என்று கவனிக்க வேண்டும்.

2. கோடுகளை நோக்க வேண்டும். கிடைக்கோடு ஓய்வையும், நிலைக்கோடு உறுதியையும், சாய்கோடு அசைவையும் உணர்த்துவதுண்டு.

3. வண்ணங்களை ஒப்பிட வேண்டும். சிவப்பு முன்னே வருவதுபோலவும், நீலம் பின்னே செல்வதுபோலவும் பெரும்பாலும் தோன்றும்.

4. இறுதியில் தலைப்பையும் ஓவியர் கூற்றையும் அறிய வேண்டும். ராசா தம் பிந்துவை அனைத்திற்கும் வித்தாகக் கருதினார்.

அப்படியாயின், எவர் எதைக் கூறினும் சரியாகுமா? ஆகாது. "இது விதை" என்று ஒருவரும், "இது இரவு" என்று மற்றொருவரும் கூறலாம். ஆனால் இருவரும் தம் கருத்திற்குரிய சான்றை ஓவியத்திலேயே சுட்டிக்காட்ட வேண்டும். கவிதைக்கும் கணக்கிற்கும் வேண்டிய அதே கவனம் இங்கும் வேண்டும். ஆதலின் ஓவியப் பாடம் வீண்பொழுது அன்று.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு வட்டத்தை வரைந்து காட்டும்பொழுது, "என்ன கிறுக்கல்?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். "இதனை ஏன் இவ்விடத்தில் வைத்தாய்?" என்று கேளுங்கள். விடை தேடும் பிள்ளை சிந்திக்கத் தொடங்கும்.

பயிற்சி: ஒரு தாளின் நடுவிலும், மற்றொரு தாளின் மூலையிலும் ஒரே அளவான கரிய வட்டத்தை வரைக. எது அமைதியாகத் தோன்றுகிறது? ஏன்? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.